யார் எங்கே இருக்கிறார்கள்: கிறிஸ்தவப் பல்கலைக்கழக இதழில் பழைய மாணவர் செய்திகளைத் தொகுக்கப் புதிதாக வருபவர்களுக்கு

பழைய மாணவர் இதழ் கைக்கு வந்ததும் பலரும் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கங்களைத்தான். துணைவேந்தரின் கடிதம், புதுக் கட்டடத் திறப்பு, ஆய்வு மானியம் எல்லாம் அப்புறம். "நம்ம பேட்ச்ல யாராவது எழுதியிருக்காங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. யாருக்குக் கல்யாணம், யாருக்குக் குழந்தை, யார் வேலை மாறினார்கள், யார் போதகரானார்கள், யார் காலமானார்கள் என்று இரண்டு மூன்று வரிகளில் வரும் அந்தப் பகுதியைத் தொகுக்கும் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பல்கலைக்கழக அலுவலகத்தில் சம்பளத்துக்குச் செய்பவராக இருக்கலாம். உங்கள் வகுப்பின் செயலாளராகச் சும்மா செய்பவராகவும் இருக்கலாம். இரண்டு பேருக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

இது பழைய வேலை. அமெரிக்காவில் வில்லியம்ஸ் கல்லூரியின் பழைய மாணவர் சங்கம் 1821ல் தொடங்கியது. இன்றுவரை நடந்து வருபவற்றில் மூத்தது அதுதான். யேல் பழைய மாணவர் இதழ் 1891ல் வந்தது, பிரின்ஸ்டனின் வார இதழ் 1900ல். ஹார்வர்டில் ஒவ்வொரு வகுப்பும் 5 ஆண்டுக்கு ஒருமுறை தன் ஆட்களின் கதையைச் சிவப்பு அட்டைப் புத்தகமாகவே போடுகிறது. கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்களும் இதே வழியில்தான் வந்தன. ஆனால் அங்கே வேலை உயர்வு, கல்யாணம், குழந்தை என்பவற்றோடு ஊழியம், குருப்பட்டம், மிஷனரிப் பணி, சபை மாற்றம் எல்லாம் சேர்ந்துவிடும். பொதுவான வழிகாட்டிகள் கைவிடும் இடம் அதுதான். அதனால் இந்தக் கட்டுரையில் அதற்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பகுதியை நீங்கள் பல்கலைக்கழகத்துக்காக எழுதவில்லை. செய்தி அனுப்பியவரைக் கடைசியாக 21 வயதில் பார்த்த ஒரு பழைய தோழருக்காக எழுதுகிறீர்கள். ஒரு வரியை வைப்பதா வெட்டுவதா என்று குழம்பும்போதெல்லாம் அந்தத் தோழர் என்ன கேட்பார் என்று யோசித்தால் போதும். அவர் பதவியின் முழுப் பெயரைக் கேட்க மாட்டார். "இப்ப எங்க இருக்கான், என்ன பண்றான், நல்லா இருக்கானா?" என்றுதான் கேட்பார்.

விதிகளை முதலில் எழுதிவிடுங்கள்

செய்தி வர ஆரம்பிப்பதற்கு முன்பே ஒரு பக்கத்தில் விதிகளை எழுதி, உங்களுக்கு மேலே இருப்பவரிடம் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். வந்த பிறகு விதி செய்தால் அது யாரோ ஒருவருக்கு எதிராகச் செய்ததாகத்தான் தெரியும்.

நடந்து முடிந்ததை மட்டும் போடுவது நல்ல விதி. நிச்சயதார்த்தம், எதிர்பார்க்கும் குழந்தை, வரப்போகும் புத்தகம் எதுவும் வேண்டாம். பல இதழ்கள் இதைத்தான் பின்பற்றுகின்றன, காரணம் எளிது: செய்தி உங்கள் கைக்கு வந்து அச்சாகி வெளியே போவதற்குள் இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும். அதற்குள் நிச்சயம் முறியலாம், கர்ப்பம் கலையலாம். அப்படி நடந்த வீட்டுக்கு உங்கள் இதழ் வாழ்த்தோடு போய்ச் சேரக் கூடாது.

எவ்வளவு பழைய செய்தி வரை ஏற்பது (ஓராண்டு என்பது நியாயமான எல்லை), ஒருவருக்கு எத்தனை சொல், படித்துப் பட்டம் முடிக்காமல் போனவர்களையும் சேர்ப்பதா, சொந்தத் தொழிலுக்கு விளம்பரம் மாதிரி வருவதை எங்கே வெட்டுவது, அரசியல் கருத்தை விடுவதா என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில் இருக்கட்டும். பட்டம் முடிக்காதவர்களைச் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. இரண்டாம் ஆண்டில் பணமில்லாமல் நின்றுபோனவரும் அந்த விடுதியில்தான் இருந்தார்.

கிறிஸ்தவ நிறுவனங்களில் தலைவலி தரும் கேள்விகள் வேறு சில உண்டு. மறுமணம், ஒருபாலினத் திருமணம், வேறு மதத்துக்கு மாறியவர் அனுப்பும் செய்தி. நிறுவனத்துக்கு நிறுவனம், சபைக்குச் சபை நிலைப்பாடு மாறும். உங்கள் சொந்த நிலைப்பாடு எதுவானாலும் சரி, நிறுவனத்தின் விதி என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்கிவையுங்கள். முடியாது என்று சொல்ல வேண்டி வந்தால், அச்சில் சத்தமில்லாமல் விட்டுவிட்டு அவர் கண்டுபிடிக்கட்டும் என்று இருக்காதீர்கள். முன்கூட்டியே நேரில் பேசிச் சொல்லிவிடுங்கள். மறுப்பைவிட மௌனம்தான் அதிகம் புண்படுத்தும்.

செய்தி தானாக வராது

"செய்தி இருந்தால் அனுப்புங்கள்" என்று கேட்டால் இரண்டு வகை ஆட்கள்தான் அனுப்புவார்கள்: பதவி உயர்ந்தவர்கள், குழந்தை பிறந்தவர்கள். மற்றவர்கள் "என்கிட்ட என்ன செய்தி இருக்கு" என்று இருந்துவிடுவார்கள். கல்யாணம் ஆகாதவர், குழந்தை இல்லாதவர், வேலை போனவர், படுத்த படுக்கையான அம்மாவை வீட்டிலிருந்து பார்த்துக்கொள்பவர் எல்லாரும் இதில் அடக்கம். அப்புறம் இதழைப் பார்த்தால் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்த எல்லாருமே துணைத் தலைவர்களாகவும் இரண்டு பிள்ளைகளின் பெற்றோராகவும் இருப்பது போலத் தோன்றும். அதைப் பார்த்து எழுதக் கூச்சப்படுபவர் இன்னும் கூச்சப்படுவார்.

அதனால் கேள்வியை மாற்றுங்கள். கடைசியாக எந்த வகுப்புத் தோழரைப் பார்த்தீர்கள்? காலையில் எழுந்ததும் எங்கே போகிறீர்கள்? இங்கே படித்ததில் இன்னும் கையில் இருப்பது என்ன? இந்த ஆண்டு புதிதாக என்ன கற்றுக்கொண்டீர்கள்? இவற்றுக்கு யாரும் பதில் சொல்லலாம். இரண்டே கேள்வி போதும். பத்து கேள்வி கொண்ட படிவத்தை யாரும் நிரப்புவதில்லை.

பொதுவாக எல்லாருக்கும் ஒரே மின்னஞ்சல் அடிப்பதைவிட, ஒவ்வொரு இதழுக்கும் கொஞ்சம் பேரைப் பெயர் சொல்லிக் கேட்பது பலன் தரும். இவ்வளவு காலமாக ஒருமுறைகூட இதழில் வராதவர்களின் பட்டியலை எடுத்து அதிலிருந்து தொடங்குங்கள். பட்டம் பெற்று 10, 25, 50 ஆண்டு ஆகும் வகுப்புகளுக்கு அந்த ஆண்டு கூடுதல் இடம் ஒதுக்குங்கள். சந்திப்புக்கு வருவதற்கு முன் ஆட்கள் பழைய பெயர்களைத் தேடும் காலம் அது. கெடு தேதிக்கு ஆறு வாரம் முன்பு முதல் கடிதம், இரண்டு வாரம் முன்பு ஒரு நினைவூட்டல். அதற்கு மேல் நச்சரிக்க வேண்டாம்.

வாட்ஸ்அப் குழுவிலோ ஃபேஸ்புக்கிலோ பார்த்த செய்தியை எடுத்துப் போடுவது எளிது. போடாதீர்கள். நண்பர்களுக்கு நடுவே சொன்னது வேறு, ஆயிரக்கணக்கான பேருக்குப் போகும் இதழில் வருவது வேறு. "உங்க செய்தியப் பார்த்தேன், இதழ்ல போடலாமா?" என்று ஒரு வரி கேட்டு, வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

சரிபார்ப்பு

பெயர், ஆண்டு, பாடம். இந்த மூன்றும் தப்பானால் மற்றது எவ்வளவு அழகாக இருந்தாலும் வீண். ஆண்டை நான்கு இலக்கமாகவே எழுதுங்கள். வெறும் 24 என்று போட்டால் 2024 என்று இளையவர்கள் நினைப்பார்கள். நூறு ஆண்டு தாண்டிய பல்கலைக்கழகத்தில் நினைவஞ்சலிப் பக்கங்கள் பழைய நூற்றாண்டின் ஆட்களையும் சுமக்கின்றன. பெயர் மாற்றிக்கொண்டவர்களுக்குப் படித்த காலத்துப் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள், இல்லாவிட்டால் பழைய தோழி அடையாளம் காண மாட்டாள். பழைய பெயரே வேண்டாம் என்று அவர் சொன்னால் விட்டுவிடுங்கள்.

குறும்புச் செய்திகளும் வரும். விடுதிக் கூட்டம் ஒன்று சேர்ந்து தங்களில் ஒருவனுக்குத் துறவியானதாகவோ சர்க்கஸில் சேர்ந்ததாகவோ செய்தி அனுப்பும். இந்த விளையாட்டு பழைய மாணவர் இதழ்களுக்கு மிகப் பழையது. செய்தி யாரைப் பற்றியதோ அவரிடமிருந்தே உறுதி வந்தால்தான் அச்சு என்ற ஒரே விதி இதைத் தடுத்துவிடும். அதே விதி பெற்றோர் அனுப்பும் செய்திக்கும் பொருந்தும். பெருமைப்படும் அப்பா, மகளின் அனுமதி இல்லாமல் அவளுடைய முழு வாழ்க்கை வரலாற்றையும் அனுப்பிவைப்பார். அவரை மறுக்கத் தேவையில்லை, நன்றி சொல்லிவிட்டு மகளைக் கேளுங்கள்.

எழுதுவது

இங்கேதான் உங்கள் நேரம் போகும். வருவது பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"தேவனுடைய அளவற்ற கிருபையினாலே பல சோதனைகளைக் கடந்து, கடந்த மார்ச் மாதம் நான் பணிபுரியும் நிறுவனத்தின் விநியோகச் சங்கிலி மேலாண்மைப் பிரிவில் மூத்த துணைத் தலைவராகப் பதவி உயர்வு பெற்றேன் என்பதை மிகுந்த மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். என் அன்பு மனைவியும் நானும் எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி நடத்திவருகிறோம். கர்த்தர் நல்லவர்."

முதலில் அவரைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஞாயிறு பள்ளியில் என்ன சொல்லிக்கொடுக்கிறீர்கள்? பாட்டு என்பார். விடுதியில் ராத்திரி கிட்டார் வாசித்துத் திட்டு வாங்கியவர் அவர்தான் என்பது அந்தப் பேச்சில் வெளியே வரும். இப்போது இப்படி எழுதலாம்:

"இன்னார் (1998, வேதியியல்) மார்ச்சில் தன் நிறுவனத்தில் மூத்த துணைத் தலைவரானார். அவரும் மனைவி இன்னாரும் (1999, வரலாறு) தங்கள் சபையில் ஞாயிறு பள்ளி நடத்துகிறார்கள். விடுதியில் திட்டு வாங்கித் தந்த அதே கிட்டார்தான் இப்போது பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறது. 'கர்த்தர் நல்லவர்' என்கிறார்."

பதவி ஒரு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. பிரிவின் பெயர் போய்விட்டது, யாருக்கும் நஷ்டமில்லை. மனைவியும் அங்கே படித்தவர் என்பது அனுப்பியவருக்குச் சொல்லத் தோன்றாத செய்தி, ஆனால் அவருடைய வகுப்புக்கு அதுதான் செய்தி. கிட்டாரைப் பார்த்ததும் 1998 வகுப்பில் பல பேர் சிரிப்பார்கள்.

பக்தி வரிகளைப் பற்றி இரண்டு வார்த்தை. புதிதாக வருபவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்: எல்லாவற்றையும் வெட்டி வங்கி அறிக்கை மாதிரி ஆக்கிவிடுவது, அல்லது எல்லாவற்றையும் அப்படியே விட்டு ஒவ்வொரு செய்தியும் ஒரே சாட்சி போல ஒலிக்கச் செய்வது. கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் இதழில் விசுவாசத்தைத் துடைத்தெடுப்பது பொய். ஆனால் அது எழுதியவரின் வாயிலிருந்தே வர வேண்டும், மேற்கோள் குறிக்குள், ஒரே ஒரு முறை. இதழின் குரலில் "தேவ கிருபையால் பதவி உயர்வு பெற்றார்" என்று நீங்கள் எழுதினால், அடுத்த பத்தியில் வேலை இழந்தவருக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி எழும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அவர் எழுதாததை நீங்கள் சேர்க்காதீர்கள். கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பிற மதத்தவரும் படிக்கிறார்கள்; படித்து முடித்தபின் விசுவாசத்தை விட்டு விலகியவர்களும் இருக்கிறார்கள். பழைய மாணவர் என்றாலே சபைக்குப் போகிறவர் என்று எண்ணி "உங்கள் சபை எது" என்று படிவத்தில் கட்டாயக் கேள்வி வைத்தால், அவர்கள் அந்த இடத்திலேயே படிவத்தை மூடிவிடுவார்கள். விருப்பமிருந்தால் நிரப்பும் கட்டமாக வையுங்கள்.

"சமீபத்தில்" என்ற சொல்லை மறந்துவிடுங்கள். மாதமும் ஆண்டும் எழுதுங்கள். ஐம்பது ஆண்டு கழித்து யாரோ ஒரு பேரன் தாத்தாவைத் தேடிக்கொண்டு ஆவணக் காப்பகத்துக்கு வரும்போது "சமீபத்தில்" அவனுக்கு உதவாது.

பட்டம், அடைமொழி, ஞானஸ்நானம்

சபை வழக்கங்கள் தெரியாமல் எழுதினால் கோபக் கடிதம் வரும். கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் என்ற ஒரே பெயரின் கீழ் இருப்பவை ஒன்றுக்கொன்று வெகு தூரம். அமெரிக்காவின் நோட்ர டேம் பல்கலைக்கழகம் 1842ல் திருச்சிலுவைத் துறவற சபையினர் தொடங்கியது; அங்கே பழைய மாணவர் ஒருவர் துறவற சபையில் சேர்ந்து குருவானால் பெயருக்குப் பின்னால் துறவற சபையின் சுருக்கம் வரும், அருள்தந்தை என்று முன்னால் வரும். பேலர் பல்கலைக்கழகம் 1845ல் பாப்டிஸ்ட்கள் தொடங்கியது. அபிலீன் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் 1906ல் கிறிஸ்துவின் சபைகள் என்ற மரபிலிருந்து வந்தது. அந்த மரபில் ஊழியருக்கு 'ரெவரெண்ட்' என்று முன்னால் போட்டால் மரியாதை ஆகாது, தப்பாகும். ஊழியர்கள் எல்லாருக்கும் ஒரே அடைமொழி என்று நீங்களாகத் தீர்மானிக்காதீர்கள். "உங்கள் பெயருக்கு முன்னால் என்ன போட வேண்டும்?" என்று படிவத்திலேயே கேளுங்கள்.

குருப்பட்டம் பெறுவது, ஒரு சபைக்குப் போதகராக நியமனம் பெறுவது, இறையியல் பட்டம் படித்து முடிப்பது மூன்றும் வெவ்வேறு செய்திகள். இறையியல் முதுகலைப் பட்டம் முடித்த எல்லாரும் போதகர்கள் அல்லர். போதகர்கள் எல்லாரும் அந்தப் பட்டம் முடித்தவர்களும் அல்லர். கத்தோலிக்கத்தில் குருவாவதற்கு முன்னால் திருத்தொண்டர் பட்டம் வரும். நிரந்தரத் திருத்தொண்டர்கள் கல்யாணமானவர்களாகவும் இருக்கலாம். "திருத்தொண்டரானார், மனைவியும் மூன்று பிள்ளைகளும்" என்று வந்தால் தப்பென்று நினைத்து மனைவியை வெட்டிவிடாதீர்கள். மெதடிஸ்ட் பிஷப் தேர்தலில் வருபவர், கத்தோலிக்க ஆயர் போப்பால் நியமிக்கப்படுபவர். அதனால் "தேர்ந்தெடுக்கப்பட்டார்", "நியமிக்கப்பட்டார்" என்பவற்றை மாற்றிப் போட முடியாது. மருத்துவமனைச் சாப்ளினை "மருத்துவமனைப் போதகர்" என்று எழுதுவதும் சரியில்லை. அவர் எந்த மதத்து நோயாளியோடும் உட்கார்ந்து பேசப் பயிற்சி பெற்றவர், அமெரிக்காவில் அந்த மருத்துவமனைப் பயிற்சியின் ஒரு பகுதியே 400 மணி நேரம்.

குழந்தைச் செய்தியிலும் இதே சிக்கல் உண்டு. கத்தோலிக்கர், லூத்தரன், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் வீட்டில் கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுப்பார்கள். பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே வீடுகளில் விசுவாசத்தைத் தானே அறிக்கையிட்ட பிறகுதான் ஞானஸ்நானம். கைக்குழந்தைக்கு நடப்பது பிரதிஷ்டை, அதாவது குழந்தையைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுக்கும் ஜெபம். சபையில் குழந்தையைக் கையில் வைத்திருக்கும் படம் வந்தவுடன் "ஞானஸ்நானம்" என்று படக்குறிப்பு எழுதினால் பாட்டிமார் விடமாட்டார்கள். கத்தோலிக்கர் திருமுழுக்கு என்பார்கள், அவர்கள் செய்தியில் அவர்கள் சொல்லே இருக்கட்டும்.

மிஷனரிகளின் பெயர்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

மிஷனரிப் பணியைச் சட்டம் தடுக்கும் நாடுகள் உண்டு. அரசு தடுக்காவிட்டாலும் அக்கம்பக்கம் பகையாகும் இடங்கள் உண்டு. அங்கே வாழும் பழைய மாணவர் ஆசிரியராகவோ பொறியாளராகவோ வணிகராகவோ விசா வாங்கியிருப்பார். உங்கள் இதழில் அவர் பெயர், நகரத்தின் பெயர், 'ஊழியம்' என்ற சொல் மூன்றும் ஒரே வரியில் வந்தால், இணையத்தில் அவர் பெயரைத் தேடும் எல்லைச் சோதனை அதிகாரிக்கு அது போதும். அச்சில் மட்டும்தானே என்று நினைக்க வேண்டாம். இன்று பெரும்பாலான இதழ்கள் கோப்பாக இணையத்துக்குப் போகின்றன, தேடுபொறி அவற்றை எழுத்தெழுத்தாகப் படிக்கிறது. அவர் நாடு கடத்தப்பட்டாலாவது ஊர் திரும்பிவிடுவார். அவரோடு பழகிய உள்ளூர் ஆட்களுக்கு விமானச் சீட்டு கிடையாது.

செய்ய வேண்டியவை: வெளிநாட்டு ஊழியம் பற்றிய எந்தச் செய்தியையும் அவரிடமும், அவரை அனுப்பிய அமைப்பிடமும் எழுத்தில் உறுதி வாங்காமல் போடாதீர்கள். உறுதி கேட்கும் மின்னஞ்சலிலேயே "மிஷனரி", "ஊழியம்" போன்ற சொற்களைத் தவிர்த்து, "உங்கள் குறிப்பு பொது இணையத்தில் வரும், எதை எப்படி எழுதலாம்?" என்று மட்டும் கேளுங்கள், அவர் அஞ்சலை வேறு யாரும் படிக்கலாம். அவர் தரும் வாசகத்தை ஒரு சொல்கூட மாற்றாமல் போடுங்கள். "ஆசியாவில் கல்வித் துறையில் பணிபுரிகிறார்" என்று தந்தால் அதுவே முழுச் செய்தி; உங்களுக்கு அது சப்பென்று இருக்கலாம், இருக்கட்டும். படங்களில் பின்னணியைக் கவனியுங்கள்: கடைப் பலகை, வண்டி எண், பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, கூட இருக்கும் உள்ளூர் நண்பர்களின் முகம்.

ஆபத்து பெரும்பாலும் அன்பின் வழியாகத்தான் வரும். அம்மா எழுதுவார்: "என் மகனும் மருமகளும் இன்ன ஊரில் சபை நாட்டிவருகிறார்கள், ஜெபித்துக்கொள்ளுங்கள்." அதைக் கண்டிப்பாக நிறுத்திவையுங்கள். பழைய இதழ்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றும் வேலை நடக்கிறதென்றால், பெயர் வெளியே வரக் கூடாதவர்கள் யார் என்று ஏற்றுபவரிடமும் பேசுங்கள். முன்பு ஆபத்தில்லாமல் அச்சான வரி, அவர் இப்போது வேறு நாட்டில் இருப்பதால் ஆபத்தாகியிருக்கலாம்.

குடும்பச் செய்தி

தத்தெடுத்த குழந்தைக்கு "தத்து" என்று போடுவதா என்பதைப் பெற்றோர்தான் சொல்ல வேண்டும். சிலர் அதைக் கொண்டாடிச் சொல்வார்கள், சிலர் "எங்கள் குடும்பத்துக்கு வந்தாள்" என்பதோடு நிறுத்துவார்கள். தற்காலிகமாக வளர்க்கும் பிள்ளைகளின் பெயரையும் படத்தையும் போடாதீர்கள். அந்தக் குழந்தையை ஒப்படைத்த அமைப்பு அனுமதிக்காது, பெற்ற குடும்பமும் படிக்கக்கூடும். விவாகரத்தை யாரும் செய்தியாக அனுப்புவதில்லை, ஆனால் தரவுப் பட்டியலில் பழைய துணையின் பெயர் அப்படியே இருக்கும். ஒவ்வொரு முறையும் துணையின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்காமல், அனுப்பியவரின் கடிதத்திலிருந்து எடுங்கள்.

குழந்தையை இழந்த பெற்றோர் எழுதுவார்கள். வெட்டாதீர்கள், சுருக்காதீர்கள், சொல் எல்லையை அங்கே தளர்த்துங்கள். குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தால் பெயரைப் போடுங்கள்.

காலமானவர்கள்

மரணச் செய்திக்கு யாரோ ஒருவர் சொன்னது போதாது. குடும்பத்தார் சொன்னால் சரி, அல்லது நாளிதழின் இரங்கல் குறிப்போ இறுதிச் சடங்கு நடத்திய இடத்தின் அறிவிப்போ வேண்டும். "அவர் போயிட்டாராமே" என்று வகுப்புத் தோழர் சொன்னால் குறித்துவைத்துக்கொண்டு தேடுங்கள். அதே பெயரில் இரண்டு பேர் படித்திருப்பார்கள். பிறந்த தேதியை ஒப்பிடாமல் ஒருவரைக் காலமானவர் பட்டியலில் சேர்க்கக் கூடாது.

"கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்", "இறைவனடி சேர்ந்தார்", "காலமானார்" மூன்றும் மூன்று விதமான வீடுகளின் சொற்கள். இதழின் பொது நடைக்கு "காலமானார்" பொருந்தும், குடும்பம் கேட்டால் அவர்கள் சொல்லை மேற்கோளாக இடுங்கள். காரணத்தைக் குடும்பம் சொல்லாமல் எழுதாதீர்கள். "திடீரென்று" என்ற சொல்கூட ஊகத்தைக் கிளப்பும். பதவிகளை அடுக்கி முடித்துவிடாமல், அவரோடு படித்தவர் ஒருவரிடம் ஒரு வரி கேட்டு வாங்குங்கள். இதழ் வந்ததும் குடும்பத்துக்கு இரண்டு பிரதி தனியாக அனுப்புங்கள். அவருடைய பெயருக்கு நன்கொடை வேண்டுகோள் இனிமேல் போகாதபடி அன்றே பட்டியலில் மாற்றுங்கள். இறந்தவர் பெயருக்கு நிதி கேட்டுக் கடிதம் வருவதைப் போல ஒரு குடும்பத்தை நிரந்தரமாக விலக்குவது வேறெதுவும் இல்லை.

படமும் அனுமதியும்

அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 4 அங்குல அகலத்துக்குப் படம் குறைந்தது 1200 புள்ளி அகலம் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கித்தான் வரும். மூலக் கோப்பை மின்னஞ்சலில் கேளுங்கள். கல்யாணப் படத்தின் உரிமை பல நாடுகளில் எடுத்தவருடையதாக இருக்கும், மணமக்களுடையதாக அல்ல. அவர் அனுமதியும் பெயரும் தேவை. குழுப்படத்தில் இடமிருந்து வலமாகப் பெயர்களை அனுப்பியவரே எழுதித் தரட்டும். பல்கலைக்கழகப் பெயர் போட்ட சட்டையில் கைக்குழந்தை என்ற படம் ஒவ்வொரு இதழுக்கும் குவியும். எனக்கு அலுத்துவிட்டது, வாசகர்களுக்கு அலுக்கவே இல்லை. போடுங்கள்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிமுறை 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் மத நம்பிக்கை தனிப் பாதுகாப்புக்குரிய தகவல். ஒருவரின் சபைப் பெயரை வெளியிடுவதே அந்த வகையில் வந்துவிடும். இந்தியாவின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல் நிறைவேறியது, அதுவும் ஒப்புதலை மையமாக வைக்கிறது. அமெரிக்காவில் 1974ன் மாணவர் தனியுரிமைச் சட்டம் படிக்கும் காலத்துப் பதிவுகளைக் காக்கிறது; படித்து முடித்தபின் அவராக அனுப்பும் குடும்பச் செய்தி அதன் கீழ் வருவதில்லை, ஆனால் அவருடைய மதிப்பெண்ணையோ ஒழுங்கு நடவடிக்கையையோ பழைய கோப்பிலிருந்து எடுத்து நகைச்சுவைக்காகக் கூடப் போட முடியாது. எந்த நாடானாலும் நடைமுறை ஒன்றுதான்: படிவத்தில் "அச்சில் வெளியிடலாம்", "இணையத்தில் வெளியிடலாம்" என்று இரண்டு தனிக் கட்டங்கள். இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

இதழ் வந்த பிறகு

திருத்தம் கேட்டு வருவார்கள். வாதாடாமல் அடுத்த இதழில் போடுங்கள், இணையக் கோப்பில் அன்றே மாற்றுங்கள். சிலர் "செய்தி அனுப்பினேன், மறு வாரமே நன்கொடை கேட்டுத் தொலைபேசி" என்று குறைப்படுவார்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் பழைய மாணவர் அலுவலகமும் நிதி திரட்டும் அலுவலகமும் ஒரே பட்டியலைத்தான் பயன்படுத்துகின்றன. அதை மறைக்காமல் படிவத்திலேயே சொல்லிவிடுங்கள், வேண்டாம் என்பவருக்கு ஒரு கட்டமும் வையுங்கள்.

பொறுப்பை என்றாவது இன்னொருவரிடம் கொடுப்பீர்கள். விதிப் பக்கம், கெடு தேதிகள், சபைவாரியான அடைமொழி வழக்கங்கள், அச்சகத்தின் தொடர்பு எண் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். அதில் முதல் தாளாக வைக்க வேண்டியது, பெயர் வெளியே வரக் கூடாதவர்களின் பட்டியல். கடவுச்சொல் போட்டு, யாருக்கும் மின்னஞ்சலில் அனுப்பாமல், புதிதாக வருபவரை உட்காரவைத்து ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொடுங்கள்.